அப்பாவின் உடம்பு சும்மா இருக்கவில்லை

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் இருக்கிறது. அப்பாவுக்கு வயது 61. வேளாண்மைக்காரர். இரண்டு வருடங்களுக்கு முன் இடது குதிகாலில் கறுப்பாக ஓர் அடையாளம் வந்தது. முள் குத்திய தழும்பு என்றும் கால் ஆணி என்றும் நினைத்து விட்டுவிட்டோம். சென்ற பெரும்போகத்தில் அது வெடித்துக் கசியத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்றார்கள். அதை வெட்டி எடுத்து, கவட்டில் ஒரு நிணநீர்க்கணுவையும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் சிறிதளவு இருக்கிறதாம். அறிக்கையில் தடிப்பு 2.6 மில்லிமீற்றர் என்றும், நிணநீர்க்கலங்கள் ஓரத்தில் மட்டும் இருக்கின்றன, கட்டிக்குள் ஊடுருவவில்லை என்றும் எழுதியிருக்கிறது. அப்பா ஒரு காய்ச்சலுக்கும் படுக்காதவர். அவருடைய எதிர்ப்புச் சக்தி எங்கே போனது? கனடாவிலிருந்து சித்தி எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் தூள் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? கத்தி வைத்ததால்தான் கவட்டுக்குப் பரவியது என்று அம்மம்மா அழுகிறார். அப்பாவுக்கு மீனும் இறைச்சியும் கொடுக்கக்கூடாது என்று தடுத்தும் விட்டார். அடுத்த கிளினிக்கில் நிர்ப்பீடனச் சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று வைத்தியர் சொன்னார். அது என்ன?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நான் நோயாளிகளை வாட்டில் பார்க்கிற வைத்தியன் அல்லன். அவர்களிடமிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற நோயியல் வைத்தியன். அதனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது, நிணநீர்க்கலங்கள் ஓரத்தில் மட்டும் இருக்கின்றன என்ற அந்த வரியில்தான். பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கடந்து போய்விடும். நீங்கள் அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த வரியோடு தொடர்புடையவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெட்டி எடுத்த துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரண்டு சாயங்கள் ஏற்றுவோம். ஒன்று கலங்களின் கருவை ஊதாவாக்கும். மற்றது மீதியை இளஞ்சிவப்பாக்கும். மெலனோமாக் கலங்கள் பெரியவை, ஒழுங்கற்றவை. பலவற்றில் பழுப்பு நிறமி தெரியும். நிணநீர்க்கலங்களோ சின்னஞ்சிறு உருண்டைகள், குரக்கன் மணிகளைப் போல. உடம்பின் காவலில் முக்கியமானவை அவை. சிலருடைய கட்டியில் அந்த மணிகள் உள்ளே எங்கும் சிதறிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுதலடையும். வேறு சிலருடைய கட்டியில் அவை ஓரம் வரை வந்து, வரம்பில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் போல் நின்றுவிடும். உங்கள் அப்பாவின் அறிக்கை சொல்வது இந்த இரண்டாவது வகையை.

அப்படியானால் காவல் வந்திருக்கிறது, மகள். பகையை இனங்கண்டு, குருதிக்குழாய் வழியே பயணம் செய்து, குதிகால் வரை வந்திருக்கிறது. வாசலில் தடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சலுக்குப் படுக்காத மனிதரின் உடம்பு இதிலும் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி எங்கே போனது என்று அவரிடம் யாரும் கேட்கவேண்டாம். தன் உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று ஒரு மனிதர் நம்பத் தொடங்கினால் சிகிச்சைக்குப் போகும் கால்கள் தளர்ந்துபோகும்.

இனி, தடுத்தது எது என்று பார்ப்போம். புற்றுக்கட்டி என்றால் புற்றுக்கலங்களின் குவியல் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்க்கும் தகடுகளில் அப்படி இருப்பதில்லை. கட்டிக்குள் நோயாளியின் நல்ல கலங்களும் ஏராளமாக இருக்கின்றன: நார் நெய்யும் கலங்கள், குருதிக்குழாய்களின் கலங்கள், குப்பையை விழுங்கித் துப்புரவாக்கும் பெருவிழுங்கிகள், பல வகை வெண்குருதிக் கலங்கள். இவற்றையும், இவற்றுக்கிடையே உள்ள நாரையும் நீரையும் சேர்த்துத்தான் கட்டியின் நுண்சூழல் என்கிறோம். 1889 இல் இலண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் கண்டபடி எல்லா உறுப்புகளுக்கும் சமமாகப் பரவவில்லை. சில உறுப்புகளையே அது நாடிப் போயிருந்தது. விதை எல்லாத் திசையிலும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். இது வயல் வட்டையில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டிய செய்தி அல்ல. ஆனால் ஒன்று: புற்றுநோய் நல்ல மண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. விழுந்த இடத்து மண்ணைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது.

எப்படி மாற்றுகிறது? நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல ஏற்பாட்டைத் திருடித்தான். தோலில் வெட்டுக்காயம் பட்டால் முதலில் வீங்கும். காவற் கலங்கள் ஓடிவரும். புதிய குருதிக்குழாய்கள் முளைக்கும். நார்க்கலங்கள் வந்து தழும்பு கட்டும். பிறகு, சண்டை போதும் என்ற சைகை போய், எல்லாம் அடங்கும். கட்டி இந்த வேலைகளையெல்லாம் தொடக்கி வைக்கிறது. முடிக்க மட்டும் விடுவதில்லை. 1986 இல் ஹரோல்ட் டுவோரக் என்ற அமெரிக்க நோயியலாளர் புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்று அழைத்தார். என் தொழிலில் இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. இதன் மறுபக்கமும் நம் ஊர்களில் உண்டு. சின்ன வயதில் குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்த காலில், முப்பது நாற்பது வருடம் கழித்துத் தழும்பு வெடித்து, ஆறாமல், கடைசியில் இன்னொரு வகைத் தோல் புற்றுநோயாக மாறி என் மேசைக்கு வந்த துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டி தன்னைச் சுற்றிப் புண்ணின் சூழலை உண்டாக்கும்; ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணின் சூழலோ கட்டிக்கு இடம் கொடுக்கும். ஆறாத பழைய தழும்புள்ள யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால் தோல் வைத்தியரிடம் அனுப்பிவையுங்கள்.

அப்பாவின் குதிகாலுக்குத் திரும்புவோம். கட்டியின் சைகையால் தூண்டப்பட்ட நார்க்கலங்கள் கட்டியைச் சுற்றி நெருக்கமாக நார் நெய்கின்றன. காவற் கலங்கள் அந்த வேலிக்குள் சிக்கிக்கொள்கின்றன. ஓரத்தில் வரிசையாக நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். வேலியைத் தாண்டிச் சில உள்ளே போனாலும் அங்கே நிலைமை கொடியது. கட்டி அவசரமாக முளைப்பித்த குருதிக்குழாய்கள் கோணலும் கசிவுமாக இருப்பதால் ஒட்சிசன் போதாது. இருக்கும் சீனியையும் புற்றுக்கலங்களே எடுத்துக்கொண்டு இலற்றிக் அமிலத்தைக் கழிவாக வெளியே விடுகின்றன. பசியோடும் மூச்சுத் திணறலோடும் புளித்த நீரில் நின்று எந்தக் காவலாளி சண்டை பிடிப்பான்?

இன்னும் இருக்கிறது. துப்புரவு செய்ய வந்த பெருவிழுங்கிகள், புண்ணை ஆற்ற வந்ததாகவே நம்பி, புதிய குழாய்கள் வளர உதவுகின்றன. மற்றக் காவலர்களை அமைதிப்படுத்துகின்றன. நிணநீர்க்கலங்களில் ஒரு வகைக்கு ரி-கலம் என்று பெயர். காவலையே அடக்குவதற்கென்று ஒரு வகை ரி-கலமும் நம் உடம்பில் உண்டு. உடம்பு தன்னைத்தானே தாக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது இல்லாவிட்டால் நாம் உயிரோடு இருக்கமாட்டோம். அதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு 2025 இல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டி அந்த அடக்கும் கலங்களைத் தன் பக்கம் வரவழைத்துக் குவித்து வைக்கிறது.

அத்தோடு வேடமும் போடுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு கலமும் உள்ளே என்ன புரதங்கள் இருக்கின்றன என்பதைத் தன் மேற்பரப்பில் துண்டு துண்டாகக் காட்டியபடியே இருக்கும். ரி-கலங்கள் அதைப் பார்த்துத்தான் நல்லது கெட்டது அறிகின்றன. சில மெலனோமாக் கலங்கள் அப்படிக் காட்டுவதையே குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். பன்றிநெல்லை எண்ணிப் பாருங்கள். கதிர் தள்ளும் வரை நெல்லோடு நெல்லாக நிற்கும். களை பிடுங்கும் கைக்கு அகப்படாது. பிறகு நெல்லுக்கு முந்தித் தன் மணியைக் கொட்டிவிடும். அப்பாவிடம் இந்த உவமையைச் சொல்லுங்கள். அவருக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

கடைசியாக வருவதுதான் அடுத்த கிளினிக்கில் நீங்கள் பேசப்போகும் சிகிச்சைக்கு அடிப்படை. ரி-கலத்தின் மேல் பி.டி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அது ஒரு தடைக்கட்டை. அதை அழுத்தும் கை பி.டி-எல்1 என்ற வேறொரு புரதம். சண்டை எல்லை மீறாமல் இருக்க நல்ல இழையங்கள் அந்தக் கையைப் பயன்படுத்துகின்றன. ரி-கலம் தாக்கத் தொடங்கியதும் இன்டர்பெரோன் என்ற சைகையை வெளியிடும். அந்தச் சைகை பட்டவுடன் புற்றுக்கலம் தன் மேற்பரப்பில் பி.டி-எல்1 ஐக் கூட்டிக்கொள்கிறது. தாக்குதல் வலுக்க வலுக்கத் தடையும் வலுக்கிறது. காவலின் பலத்தையே காவலுக்கு எதிராகத் திருப்புகிறது. பல வருடங்களாக இந்தத் துண்டுகளைப் பார்த்து வருகிற எனக்கு இன்னும் இதில் வியப்பு நீங்கவில்லை.

இப்போது சித்தியின் தூள். அவர் அன்பினால் அனுப்பியிருக்கிறார். அதை மதித்தே சொல்கிறேன், கொடுக்கவேண்டாம். தடைக்கட்டை அழுத்தப்பட்டிருக்கும் வண்டிக்கு எண்ணெய் கூட ஊற்றி என்ன பயன்? கட்டிக்குள் இருக்கும் காவற் கலங்களில் ஒரு பகுதி கட்டிக்காகவே வேலை செய்துகொண்டிருக்கும்போது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. சில மூலிகைத் தூள்கள் ஈரலைப் பாதிக்கும். நிர்ப்பீடனச் சிகிச்சையும் சிலருக்கு ஈரல் அழற்சியை உண்டாக்கும். நாளை அப்பாவின் குருதிப் பரிசோதனையில் ஈரலின் அளவுகள் ஏறினால், தூளால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல், வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல மருந்தை வைத்தியர் நிறுத்தவேண்டி வரலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மம்மாவின் கண்ணீருக்கும் பதில் சொல்லவேண்டும். கத்தி பட்டதால் பரவவில்லை. கத்தி பட்டதால்தான் பரவியிருப்பது தெரியவந்தது. குதிகாலின் நிணநீர் பெரும்பாலும் கவட்டில் இருக்கும் கணுக்களுக்கு வடிகிறது. காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுவதை அம்மம்மாவே எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அதே வழிதான் இதுவும். வெட்டுவதற்கு நெடுநாள் முன்பிருந்தே கட்டி தன் சைகைகளை அந்த வழியே அனுப்பி, முதற் கணுவில் இருக்கும் காவலை மந்தமாக்கி வைத்திருக்கும். வாய்க்காலின் தலைப்பில் நஞ்சு கலந்தால் முதல் வயலுக்குத்தானே முதலில் வரும்? அதனால்தான் சத்திரசிகிச்சை வைத்தியர் அந்த முதற் கணுவைத் தேடி எடுத்தார். அவர் செய்தது சரியான காரியம். முன்பெல்லாம் முதற் கணுவில் நோய் தெரிந்தால் கவட்டுக் கணுக்கள் முழுவதையும் எடுத்துவிடுவார்கள்; பலருக்குக் கால் வீங்கி வாழ்நாள் முழுதும் துன்பம். 2017 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அப்படி எல்லாவற்றையும் எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. இப்போது பலருக்கு ஸ்கான் மூலம் கண்காணித்தாலே போதும். அப்பா இனியும் வரம்பில் நடக்கவேண்டியவர். இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மீனும் இறைச்சியும் அவருக்கு வேண்டும். வாவி மீனும் முட்டையும் பருப்பும் கொடுங்கள். காயம் ஆறவும், வரப்போகும் சிகிச்சையைத் தாங்கவும் புரதம் தேவை. புண்ணைக் கிளறும் கிரந்தி உணவு என்ற அச்சத்தில் ஒரு வேளாண்மைக்காரரை மெலியவிடவேண்டாம். புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தட்டும்.

வெயிலில் நின்றதால் வந்ததோ என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அப்பாவின் மனதில் அது இருக்கும். வெள்ளைத் தோலினருக்கு வரும் மெலனோமாவில் வெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலினருக்கு அது வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே கூடுதலாக வருகிறது. அவை வெயில் அதிகம் படாத இடங்கள். வயலில் உழைத்தது குற்றம் அல்ல. தாமதித்துவிட்டோம் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்வதும் வேண்டாம். யமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த மெலனோமாவை முதலில் பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே நினைத்தார்கள். 1977 இல் நோய் தெரியவந்தது. 1981 இல், 36 வயதில் அவர் காலமானார். உலகமே அறிந்த ஒருவருக்கு நடந்ததுதான் கொக்கட்டிச்சோலையிலும் நடந்திருக்கிறது. அவர் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன.

அந்த மருந்துகளைப் பற்றி. நிர்ப்பீடனச் சிகிச்சை என்று உங்கள் வைத்தியர் சொன்னது இவற்றைத்தான். ரி-கலத்தின் தடைக்கட்டைகளைக் கண்டறிந்து, அவற்றை விடுவித்தால் புற்றுநோயை உடம்பே தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வேறொரு தடைக்கட்டையை மறிக்கும் இபிலிமுமாப் என்ற மருந்துக்கு 2011 இலும், பி.டி-1 ஐ மறிக்கும் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவற்றுக்கு 2014 இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை புற்றுக்கலத்தைத் தொடுவதே இல்லை. பின்னைய இரண்டும் பி.டி-1 மேல் போய் உட்கார்ந்து, அழுத்தும் கையை அண்டவிடாமல் தடுக்கும். அவ்வளவே; மீதி வேலையை அப்பாவின் கலங்களே செய்யவேண்டும். நாளத்தில் சேலைனைப் போல் ஏற்றுவார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை போகவேண்டியிருக்கும். அவரைப் போல் கட்டியும் கணுவும் எடுத்த பிறகு கொடுப்பதன் நோக்கம், எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய கலங்களை அழித்து, நோய் திரும்பிவருவதைக் குறைப்பது.

எவ்வளவு நம்பலாம்? உடம்பெங்கும் பரவிய மெலனோமாவில் முன்பு பாதிப்பேர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில் 10 ஆண்டுகள் கழித்தும் 43 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கமாட்டேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுப் பிழைகள் ஏராளம். அதனால் அது அந்நியமாகத் தெரியும், காவலுக்கு இனங்காண்பது எளிது. உள்ளங்கால் மெலனோமாவில் அப்படிப்பட்ட பிழைகள் குறைவு. அதனால் இந்த மருந்துகளுக்கு அது குறைவாகவே இணங்குகிறது. குறைவு என்றால் இல்லை என்பது அல்ல. நன்றாகப் பயன்பெற்றவர்களும் இருக்கிறார்கள். கட்டிக்குள் நுழைந்த நிணநீர்க்கலங்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கும் 2024 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. அது இப்போது நம் கைக்கு எட்டாது. ஆனாலும் அந்தக் குரக்கன் மணிகளுக்கு எவ்வளவு வலிமை என்று அறிந்துகொள்ளுங்கள்.

தடையை எடுத்தால் காவல் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். மருந்து தொடங்கினால் வயிற்றோட்டம், புதிய இருமல் அல்லது மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், காரணம் தெரியாத கடும் சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் அதே நாளில் வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். கடையில் வயிற்றோட்டக் குளிசை வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். நேரத்துக்கு வந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்; பிந்தினால் உயிராபத்து. தோலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றினால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படவேண்டாம். நிறமிக் கலங்களைக் காவல் இனங்கண்டுவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தின் விலை மிக அதிகம். அரச வைத்தியசாலையில் எந்த மருந்து, எத்தனை தடவை, எந்த ஒழுங்கில் கிடைக்கும் என்பதை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் நேரே கேட்டறியுங்கள். கேள்விப்பட்ட பேச்சை நம்பிக் காணியை ஈடு வைத்துவிடவேண்டாம்.

என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். அப்பாவின் துண்டு பதித்த மெழுகுக் கட்டையும் கண்ணாடித் தகடுகளும் அதைப் பரிசோதித்த ஆய்வுகூடத்தில் இருக்கும். பி-ராஃப், கிற் என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கட்டை வேண்டும்; மாற்றம் இருந்தால் வேறு வகை மாத்திரைகளுக்கும் வழி உண்டு. இந்தப் பரிசோதனை தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாற்றினால் அறிக்கையின் பிரதியோடு கட்டையையும் தகடுகளையும் கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கி, வெயில் படாமல் உங்கள் கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கள். மெழுகு உருகிவிடும். பஸ்ஸில் பெட்டிகளோடு போடவேண்டாம்.

புறப்படுவதற்கு முன், அப்பாவின் வலது உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும், இருபது நகங்களையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்படியே அம்மாவுடையதையும் உங்களுடையதையும்.